வேனிலும் வீட்டுக் கூரையும்

மனிதனுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றென்பர். இம்மூன்றனுள் உணவைப்பற்றியும் உடையைப்பற்றியும் நாம் நாடோறும் பேசுகின்றோம். உறையுளைப்பற்றியோ, அது ஒழுகும்போதன்றிப் பேசுவதில்லை. மழை ஒழுகினாற் கொத்தனாரை அழைக்கின்றோம். வெயில் ஒழுகினால் யாரை அழைக்கின்றோம்? விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு விதியை நொந்துகொள்கின்றோம். வெயிலும் மழையைப்போலவே கூரை வழியாகத்தான் வீட்டினுள் இறங்குகின்றதென்பதும், மழையைத் தடுப்பதுபோலவே அதனையும் தடுக்கலாமென்பதும் நம்மிற் பலர் எண்ணிப் பாராத செய்திகள். அவற்றை எண்ணிப் பார்க்குமாறு இக்கல்லூரி மாணவரையும் ஆசிரியரையும் பழைய மாணவரையும் வேண்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இருப்பவனுக்குக் கூரையோடு என்ன தொடர்பு? அது கொத்தனாரும் பௌதிக மாணவரும் ஆராயவேண்டிய விஷயமன்றோ?" என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கூரையின்கீழ் வாழ்வோர் அனைவருக்கும் கூரையோடு தொடர்புண்டென்பதே யான் கூறும் விடை. அதனினும் அணுக்கமான காரணம் ஒன்றும் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

யான் புதுச்சேரியைச் சேர்ந்த வைத்திக்குப்பத்திற் பிறந்தவன். எம் குப்பத்துக்குக் கிழக்கே கடல், தெற்கே குருசுக்குப்பம், அதற்கும் அப்பால் பிரெஞ்சுக்காரர் வகுத்த நேரான வீதிகளும் அவர்தம் மாளிகைகளும். மாசிமகத்தன்று பல ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை எம்முடையது. அன்று திரண்டு வரும் மக்களெல்லாரும் எம் கடற்காற்றைப் புகழ்ந்து செல்வர். அக்காற்று எம் வீடுகளுக்குள் புகுவதில்லை என்பதை அவர் அறியார். வீட்டோடு வீடு ஒட்டிய சந்துகளிற் காற்று நுழைதற்கு இடம் ஏது? மேலிருந்து வரும் வெயிலுக்கோ எவரும் இடம் விடவேண்டுவதில்லை.

எம் வீடு சிறிது. கீழே காங்கிரீட்டுக் கூரையிட்ட ஓர் அறையும் அடுக்களையும். மாடியிற் பாதியிடத்தில் கல்நார்த் தகடு வேய்ந்த ஓர் அறை. மறுபாதி கருவாடு காயவும் வலை உலரவும் பயன்படும் திறந்த தளம். மாடியறை எம் பாட்டியாருக்குரியது. அவரை யாங்கள் ஆயா என்றழைப்போம். "அடுப்பிலே சோறு வேகிறது, அறையிலே நான் வேகிறேன்" என்று ஒவ்வொரு சித்திரையிலும் அவர் கூறுவது வழக்கம். அதனை யாங்கள் வேடிக்கையாகவே கேட்டுவந்தோம். ஈராண்டுக்கு முன், கத்திரி வெயிலின் நடுவில் ஒருநாள் பிற்பகல், அவர் அவ்வறையில் மயங்கிக் கிடந்தார். உடல் கொதித்தது, ஆனால் வியர்வை இல்லை. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். இரண்டு நாள் கழித்துத் தெளிந்து வீடு திரும்பினார். "நோய் வேறொன்றுமில்லை, சூடுதான். அந்த அறையில் இனிப் பகலிற் படுக்க விடாதீர்கள்" என்றார் மருத்துவர். படுப்பதற்கு எம்மிடம் வேறு அறை இல்லையென்பது அவருக்குத் தெரியாது.

என் தந்தையார் அம்மாதமே சீட்டெடுத்தார். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளித்தாள் என்று சொல்லப்பட்ட அலுமினியப் படலம் ஒரு சுருள் வாங்கினார். விற்றவர் சொற்படி அதனைக் கல்நார்த் தகட்டின் அடிப்பக்கத்தில் இடைவெளியின்றிப் பசையால் ஒட்டினார்கள். அறை கண்ணாடி மண்டபம்போற் பளபளத்தது. வெப்பமோ முன்போலவே இருந்தது. ஐப்பசி மழையிற் பசை விட்டுப் படலம் தொங்கிற்று. சீட்டுப்பணம் போயிற்றே என்று தந்தையார் வருந்தினார். "வெள்ளித்தாள் எல்லாம் வெறும் ஏமாற்று" என்று தெருவே முடிவுகட்டிற்று.

அம்முடிபு பிழையென்பதை இக்கல்லூரி விடுதியில்தான் அறிந்துகொண்டேன். என் அறை நண்பர் பௌதிக வகுப்பைச் சேர்ந்தவர். யான் நிகழ்ந்ததைக் கூறியபோது அவர் கேட்டது ஒரே வினா: "படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி விட்டீர்கள்?" யாங்கள் ஒரு விரலும் விடவில்லை. பிழை பொருளினதன்று, அதனை வைத்த முறையினது. இதனை விளங்கக் கூறுதல் பயனுடைத்தாகும்.

வெப்பம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு மூன்று வழிகளாற் செல்லும் என்பர் அறிவியலார். கரண்டியின் ஒரு முனையைத் தீயில் வைத்தால் மறுமுனை சுடுவது கடத்தல். உலைநீர் மேலும் கீழும் புரண்டு கொதிப்பது சலனம். குளிர்காயும்போது நெருப்பைத் தொடாமலே முகம் சுடுவது கதிர்வீச்சு. ஞாயிற்றின் வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து நம்மை அடைவது இம்மூன்றாம் வழியினாலேயாம். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் அளவான ஆற்றல் விழுகின்றது. முப்பது சதுர மீட்டர் கொண்ட சிறு வீட்டின் கூரைமேல் முப்பது இஸ்திரிப் பெட்டிகளை ஒருங்கே சூடாக்கி வைத்தாற்போலும். அதில் ஒரு பங்கைக் கூரை திருப்பிவிடுகின்றது. ஒரு பங்கைக் காற்று கொண்டுபோகின்றது. எஞ்சியதை உண்டு கூரை காய்கின்றது. காய்ந்த கூரை தானும் ஒரு சிறு ஞாயிறாகிக் கீழிருப்போர்மேற் கதிர்வீசுகின்றது. எம் ஆயாவை வீழ்த்தியது வானத்து ஞாயிறன்று. அவர் தலைக்குமேல் ஆறடி உயரத்திற் காய்ந்து கிடந்த கல்நார்த் தகடேயாம்.

பளபளப்பான அலுமினியப் படலம் இத்தகைய கதிரில் நூற்றுக்கு 95 பங்களவு திருப்பிவிடும். தான் சூடானாலும் கதிராக வெளியிடுவது நூற்றுக்கு ஐந்து பங்களவே. இது பெருஞ்சிறப்பு. ஆனால் அலுமினியம் கடத்தலில் வல்லது. சமையற் பாத்திரம் செய்வது அதனால்தான். ஆகவே சூடான பொருளோடு அதனை ஒட்டவைத்தால் கதிரைத் திருப்புவதற்கு இடமின்றி வெப்பத்தைக் கையாற் கொடுப்பதுபோல் மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடும். நடுவே ஓரங்குலமேனும் காற்றிடைவெளி இருந்தாலன்றி அதன் திறம் முழுதும் வெளிப்படாது. காற்றிடைவெளியே காப்பு, படலம் அக்காப்பின் காவலன். தேநீர் கொண்டுசெல்லும் குடுவையை நோக்குக. 1892ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டியூவர் என்னும் அறிஞர் கண்ட அமைப்பு அது. அதன் கண்ணாடிச் சுவர்கள் இரண்டு, நடுவே வெற்றிடம், உட்புறம் வெள்ளிப்பூச்சு. இடைவெளியும் பளபளப்பும் கூடிய வழியே சூடு நின்றது. ஒன்று போயின் மற்றொன்று பெரும்பாலும் வீணாம்.

இதற்குப் பெரியதொரு சான்று வானத்திலும் உண்டு. 1973ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அமெரிக்கர் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையத்தை ஏவினர். ஏவும்போதே அதன் புறக்கவசம் பிய்ந்துபோயிற்று. கூரை இழந்த வீடுபோல் அது வெயிலிற் காய்ந்தது. உள்ளே வெப்பம் 50 டிகிரி செண்டிகிரேடைக் கடந்தது. கோடிக்கணக்கான செலவில் எழுந்த வீடு குடிபுக இயலாததாயிற்று. அப்போது அவர்கள் அனுப்பியது குளிரூட்டும் பொறியை அன்று; ஒரு குடையை. பளபளக்கும் பூச்சிட்ட மெல்லிய படலத்தாலான அக்குடையை, மே 26ஆம் நாள் அங்குச் சேர்ந்த மூவர், உள்ளிருந்தவாறே சிறு துளை வழியாக நீட்டி வெளியே விரித்தனர். வெப்பம் படிப்படியாக இறங்கிற்று. அம்மூவரும் அந்நிலையத்திலேயே நான்கு வாரம் வாழ்ந்தனர். உடலோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்பதாலன்றோ குடை குடையாகின்றது! வைத்திக்குப்பத்து மாடியறைக்கும் விண்வெளி நிலையத்துக்கும் மருந்து ஒன்றே என்பது வியப்பிற்குரியது.

இனி, எம்மூரின் பழைய வீடுகளைப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் வீதிகளில் உள்ள மாளிகைகட்குச் சுவர் தடிப்பு, கூரை உயரம், மரவிட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்தடுக்கிச் சுண்ணாம்பிட்ட தளம், சுவர்க்கெல்லாம் வெளிறிய பூச்சு. தமிழர் வீதிகளிலோ தெருப்பக்கம் திண்ணை, உள்ளே முற்றம், அதனைச் சூழ்ந்து தாழ்வாரம், மேலே நாட்டோடு. ஓட்டின்மேல் ஓடு படிந்த இடுக்குகளில் எல்லாம் காற்று குடியிருக்கும். முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலெழுந்து போகும். இவற்றைக் கட்டினோர் அலுமினியப் படலத்தைக் கண்டவரல்லர். எனினும் அதன் தத்துவத்தை அறிந்திருந்தனர். பிற்காலத்து எழுந்ததாயினும் இதே அறிவைப் போற்றிய கட்டடம் ஒன்றும் எம்மூரில் உண்டு. 1930களின் பிற்பகுதியிற் கட்டத்தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்துக் கோல்கொண்டா விடுதியே அது. அன்டோனின் ரேமண்ட் என்னும் சிற்பி அதனை வகுத்தார். காங்கிரீட்டுத் தளத்தின்மேல் வளைந்த காங்கிரீட்டு ஓடுகளை இடைவெளிவிட்டு அடுக்கிக் கூரைக்குமேற் கூரை அமைத்தார். வெயில் மேற்கூரையைக் காய்ச்சும். நடுவே ஓடும் காற்று அச்சூட்டைக் கொண்டுபோகும். கீழ்த்தளம் நிழலில் நிற்கும். வெளிப்பக்கம் முழுதும் திறந்து மூடும் பலகணிப் பலகைகள். குளிரூட்டும் பொறியின்றியே அங்குத் தங்கியோர் வெயிலைப் பொறுத்தனர். எம் குப்பத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இத்தகைய பாடம் இருக்கவும், யாங்கள் அதனைப் படிக்கவில்லை.

எம் குப்பத்தின் பழைய கூரை தென்னங்கீற்று. "வேய்தல்" என்ற நம் தமிழ்ச்சொல்லே ஓலையும் புல்லும் கொண்டு மூடுதலைக் குறித்ததன்றோ. கீற்றின் இழைகட்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்பதால் வெயில் எளிதில் உள்ளே இறங்காது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபின், இக்கடற்கரை நெடுகிலும் கீற்று வீடுகள் பல காங்கிரீட்டு வீடுகளாயின. அது நன்றேயாம். கீற்று தீப்பற்றும், புயலிற் பறக்கும், ஈராண்டு மூவாண்டுக்கொருமுறை புதிதாக வேயவேண்டும். 2011ஆம் ஆண்டு இறுதியில் வந்த தானே புயலையும், 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலையும் கண்டவர் எவரும் மீண்டும் கீற்றுக்குச் செல்வோம் என்று சொல்லமாட்டார். ஆனால் கீற்றை எடுத்தபோது அதனோடு அதன் குளிர்ச்சியையும் எடுத்துவிட்டோம். அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை. புயலுக்கஞ்சிக் கட்டிய வீடு வெயிலுக்கு அடுப்பாயிற்று. இதுவே யான் கூறவந்த குறை.

காங்கிரீட்டின் இயல்பு வேறொன்றும் உண்டு. பகலில் உண்ட வெப்பத்தை அது உடனே வெளிவிடாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்தே உட்புறம் கொணரும். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு என வகுத்தனர் நம் இலக்கணத்தார். ஞாயிறு சாயும் அவ்வேளை இரங்கற்குரியது என்று வகுப்பிற் பாடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு எம் வீடே நினைவில் வரும். அப்பொழுதுதான் கீழறையின் கூரை தன் வெப்பத்தை எம்மேற் சொரியத் தொடங்கும். விடியற்குமுன் கடலுக்குச் செல்லவேண்டிய தந்தையார், நள்ளிரவுவரை உறங்கமாட்டாமற் புரள்வார். உறக்கமின்றிக் கடலேறுவது எத்துணை இடரென்பதை மீனவர் குடியிற் பிறந்தோர் அறிவர்.

இதற்கு மாற்று யாது? கல்நார்த் தகடோ இரும்புத் தகடோ வேய்ந்த கூரைக்கு, அடியில் மரச்சட்டம் அடித்து, ஓரங்குலத்துக்குக் குறையாத இடைவெளிவிட்டுப் படலத்தைக் கட்டுதல் வேண்டும். பளபளக்கும் பக்கம் கீழ்நோக்கி இருப்பின் தூசி படியாது. தூசி படிந்த படலம் கண்மூடிய காவலனாம். இடைவெளியின் இரு முனையும் திறந்திருத்தல் நன்று. கடற்கரையில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்குமாதலால், வெறும் தாளாக அன்றி மேற்பூச்சுள்ளதாகத் தேர்தல் வேண்டும். அடுப்பின் அருகே இதனை நாடவே கூடாது, இவற்றுட் பல பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் செய்யப்பட்டவை, எளிதிற் பற்றும். மின்கம்பி செல்லுமிடத்தில் மிக்க எச்சரிக்கை வேண்டும். ஆஸ்திரேலிய அரசு 2009ஆம் ஆண்டில் வீட்டுக்கூரைகட்குக் காப்பிடப் பெருந்திட்டம் ஒன்றை விரைந்து தொடங்கியது. அவ்வேலையில் நான்கு இளந்தொழிலாளர் மாண்டனர். படலத்தை அறைந்த உலோகக் கவ்வி மின்கம்பியிற் பாய்ந்ததும் அச்சாவுகட்கு ஒரு காரணம். அதன்பின் 2010இல் அத்திட்டத்திற் படலம் இடுவதே நிறுத்தப்பட்டது. நல்ல பொருளும் அறியாதார் கையிற் கேடாகும்.

காங்கிரீட்டுத் தளத்துக்கோ படலத்தினும் எளிய மருந்து உண்டு. அது சுண்ணாம்பு. அழுக்கேறிய காங்கிரீட்டு தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு முப்பது பங்களவே திருப்பும். புதிதாக வெள்ளையடித்த தளம் எண்பது பங்களவு திருப்பும். அன்றியும் வெள்ளைப்பூச்சு, உலோகத்தைப்போலத் தான் உண்ட சிறு சூட்டைப் பற்றிக்கொண்டிராமல், இரவில் வானை நோக்கி வெளிவிட்டுவிடும். சுண்ணாம்பை முந்திய நாளே நீற்றி வடிகட்டி, ஒட்டுதற்குச் சிறிது பசை கூட்டி, தளத்தைக் கழுவி நனைத்து, காலையிலோ மாலையிலோ இரண்டு மூன்று கை பூசினாற் போதும். கண்ணிற் படாமற் காத்துக்கொள்க. மழையில் அது கரையுமாதலால் ஆண்டுதோறும் பங்குனியிற் புதுக்கவேண்டும். பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும் நமக்கு, பங்குனியிற் கூரையை வெள்ளையடிப்பது பெரும்பாரமன்று.

இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத்து நகரில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தினும் மிகுதியாக 1,344 பேர் இறந்தனர் எனப் பின்னர் ஆய்ந்து கணக்கிட்டனர். அதனாற் கலங்கிய நகரத்தார் 2013ஆம் ஆண்டில் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தனர். தென்னாசியாவில் அதுவே முதலாவது. 2017ஆம் ஆண்டில் ஏழையர் குடியிருப்புகளின் கூரைகட்கு வெள்ளையடிக்கும் பணியும் தொடங்கியது. இத்தகைய கூரைகளின்கீழ் வெப்பம் 2 முதல் 5 டிகிரிவரை குறையும் என்பர். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் உழவர்கள் ஆண்டுதோறும் கோடையில் தம் பசுங்குடில்களின்மேற் சுண்ணாம்பு தெளிப்பர். ஆயிரக்கணக்கான குடில்கள் ஒருங்கே வெளுத்ததனால், சூழவுள்ள நாடெல்லாம் வெப்பமேற அப்பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் தணிந்துவந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஒருவன் தன் கூரையை வெளுத்தால் அவன் வீடு தணியும். ஊரார் அனைவரும் வெளுத்தால் ஊரே தணியும்.

குளிரூட்டும் பொறியோ இதற்கு நேர்மாறானது. அது வெப்பத்தை அழிப்பதில்லை. ஒருவர் அறையினின்று எடுத்து அடுத்தவர் சந்தில் தள்ளுகின்றது. எம் சந்து மூன்று முழ அகலம். அதில் ஒரு வீட்டார் பொறி வைத்தால் எதிர்வீட்டார் பலகணியை மூடவேண்டும். மூடியவர் அடுத்த ஆண்டு தாமும் ஒரு பொறி தேடவேண்டும். பொறி வைப்போரை யான் பழிக்கவில்லை; நோயாளர்க்கும் முதியோர்க்கும் அது உயிர் காக்கும். ஆனால் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்குமுன் ஓட்டையை அடைப்பது அறிவுடைமையன்றோ? கூரையைக் காத்தபின் பொறி வைப்பின் மின்சாரச் செலவும் சுருங்க வழியுண்டு; பலருக்குப் பொறியே வேண்டாமற் போகவும் கூடும்.

சிலர் தடை கூறுவர். "கடற்கரையிற் புழுக்கமே பெரிது, கூரையைக் காத்தாற் புழுக்கம் போகுமா?" என்பர். போகாது. படலமும் சுண்ணாம்பும் வெப்பத்தைத் தடுப்பனவேயன்றிக் குளிரை உண்டாக்குவனவல்ல. காற்று வர வழியில்லாத அறைக்கு அவற்றாற் பாதிப்பயனே. ஆதலாற் கூரைக்கடியிற் காற்றுத்துளை இரண்டு எதிரெதிரே திறத்தலும் உடன் வேண்டும். "வாடகை வீட்டார் தம்முடையதல்லாத கூரைக்கு ஏன் செலவிடவேண்டும்?" என்பர் வேறு சிலர். இது நியாயமான வினா. கூரை வீட்டுக்காரருடையது, வெப்பம் குடியிருப்பவருடையது. இவ்விடத்திற்றான் தனிமனிதர் முயற்சி நின்று பொதுக்கடமை தொடங்குகின்றது. எம் ஆயாவும் ஒரு தடை கூறினார்: "சுண்ணாம்படித்தால் கருவாடு எங்கே காயும்? மீனெல்லாம் சுண்ணாம்பாகிவிடாதா?" என்றார். பனம்பாயும் பழைய வலையும் விரித்து அதன்மேற் காயவைத்தோம். வெண்டளத்தின் ஒளியில் நன்றாகவே காய்ந்ததென்று பிற்பாடு அவரே ஒப்பினார்.

பொதுக்கடமையைப்பற்றிச் சிறிது கூறுவேன். தெலுங்கானா அரசு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுக் கட்டடங்கட்கும் வணிகக் கட்டடங்கட்கும் அதனைக் கட்டாயமாக்கிற்று. வீடுகளுள் 600 சதுர கஜத்துக்குக் குறையாத மனையில் எழுவனவற்றுக்கே கட்டாயம்; சிறு வீட்டார்க்கு அது விருப்பம். கட்டாயம் செல்வர்மேல் மட்டும் சுமந்தது நன்றே. ஆயினும் வெயிலால் மிக வருந்துவோர் அச்சிறு வீட்டாரே அல்லரோ? அவர்க்குக் கட்டாயமும் வேண்டா, வெறும் விருப்பமும் போதாது, உதவி வேண்டும். தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவியென வகுத்தது. இறந்தபின் கொடுக்கும் பொருளில் ஒரு சிறு பங்கேனும் இறவாமற் காக்கும் சுண்ணாம்புக்குச் செல்லுமாயின் எத்துணை நலம்! அரசு மானியத்தால் எழும் ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும், கதவு சன்னல் போலக் கூரைக்காப்பும் ஒரு செலவாக எழுதப்படல் வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் இது முதற்கண் நிகழவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

எம் வீட்டின் செய்தியைச் சொல்லி முடிக்கின்றேன். சென்ற ஈஸ்டர் விடுமுறையில் விடுதி நண்பர் என்னுடன் வைத்திக்குப்பம் வந்தார். தொங்கிக்கிடந்த படலத்தைப் பிரித்துத் துடைத்தோம். தந்தையார் சவுக்குச் சட்டங்கள் கொணர்ந்தார். மின்கம்பியை அணைத்து ஒதுக்கி, தகட்டினின்று இரண்டு விரல் விட்டு, வலை கட்டும் நைலான் கயிற்றாலேயே படலத்தை இழுத்துக் கட்டினோம். முடிச்சுப் போடுவதில் என் தந்தையாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மறுநாள் விடியலில் திறந்த தளத்துக்குச் சுண்ணாம்படித்தோம். செலவானது பெரும்பாலும் எம் உழைப்பே. அவ்வாண்டுக் கத்திரியில் ஆயா மாடியறையிற் பகலில் உறங்கினார். "குளிர்கிறதா?" என்று கேட்டேன். "குளிரவில்லையப்பா, ஆனால் சுடவில்லை" என்றார். அவ்விடையே போதும். வெள்ளித்தாளை ஏமாற்றென்ற தெருவார் இருவர் வந்து, எத்தனை விரல் விட்டீர்கள் என்று தந்தையாரைக் கேட்டுச் சென்றனர்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியில் சமூகத்தொண்டுக்கென நாள்கள் ஒதுக்கப்படுகின்றன. மரம் நடுகின்றோம், நன்றே. அம்மரம் நிழல் தரப் பத்தாண்டாகும். ஆண்டுக்கொரு நாள், பங்குனியில், நம் கல்லூரியைச் சூழ்ந்த குடியிருப்புகளிற் சென்று பத்துக் கூரைகட்கு வெள்ளையடித்தால், அவற்றின்கீழ் வாழ்வோர் அன்றிரவே நன்றாக உறங்குவர். பௌதிக மாணவர் வெப்பமானி கொணர்க. பொருளாதார மாணவர் கணக்கெழுதுக. தமிழ் மாணவராகிய யாம் மட்டை பிடித்துச் சுண்ணாம்பு பூசுவோம். பூசிய முறையை எளிய தமிழில் எழுதி வீடுதோறும் கொடுப்போம். பழைய மாணவருள் வீடு கட்டுவோர், கட்டுமுன் ஒருமுறை மேலே நோக்குக. சுவருக்கு வண்ணம் தேர்வதில் ஒரு மாதம் செலவிடும் நாம், கூரையைப்பற்றி ஒரு நாழிகை சிந்திப்போமாயின், நம் முதியோர் தம் அறையிலேயே அமைதியாகக் கண்ணுறங்குவர்.